அரிய நாணயத்துக்கு ஏலத்தில் எவ்வளவு கேட்பது?

பழைய நாணயங்களைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும், "இது எவ்வளவுக்குப் போகும்?" என்ற கேள்வியில்தான் வந்து நிற்கிறது. பெட்டியில் கிடந்த ஒரு காசுக்கு லட்சக்கணக்கில் தருவதாக ஆசை காட்டி, கமிஷன் என்றும் வரி என்றும் முன்பணம் பறிக்கும் கும்பல்கள் பெருகியதால், தன் பெயரைச் சொல்லி நடக்கும் இத்தகைய மோசடிகளை நம்ப வேண்டாம் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் பொதுமக்களை எச்சரித்தது. விற்க நினைப்பவர்களைப் பிடிக்கும் மயக்கம் இது. முறையான ஏலத்தில் வாங்க நினைப்பவரின் குழப்பம் வேறு வகையானது. அதைப் பற்றி நிதானமாகப் பேசுவோர் குறைவு.

அந்தக் குழப்பம் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. நாணயத்தின் மதிப்பு, அதற்காக நம் கையிலிருந்து போகும் மொத்தப் பணம், ஏலத்தில் நாம் சொல்ல வேண்டிய தொகை ஆகிய மூன்றையும் ஒன்றென்று எண்ணிவிடுகிறோம். இவை மூன்றும் வெவ்வேறு எண்கள். முதல் எண்ணிலிருந்து மூன்றாவது எண்ணுக்கு எப்படி வந்து சேர்வது என்பதை, சில கூட்டல் பெருக்கல்களோடு, புதியவர்களுக்காக இங்கே விளக்க முயல்கிறேன்.

புளியமரமும் எலுமிச்சம்பழமும்

ஊராட்சிக்குச் சொந்தமான சாலையோரப் புளியமரங்களை ஆண்டுதோறும் குத்தகை ஏலம் விடுவதைக் கிராமத்தில் வளர்ந்த பலரும் பார்த்திருப்பார்கள். ஏலம் கேட்பவர்கள் மரத்தை அண்ணாந்து பார்த்து, இந்த ஆண்டு எத்தனை மூட்டை தேறும் என்று மனத்துக்குள் கணக்குப் போடுகிறார்கள். உலுக்கினால் விழப்போகும் புளி, யார் குத்தகை எடுத்தாலும் ஏறத்தாழ ஒரே அளவுதான். சந்தையில் அதற்குக் கிடைக்கும் விலையும் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் அந்த அளவு என்னவென்று ஏல நாளன்று ஒருவருக்கும் உறுதியாகத் தெரியாது. இவ்வாறு எல்லாருக்கும் ஒன்றாக இருந்தும் எவருக்கும் முன்கூட்டித் தெரியாத மதிப்பைப் 'பொது மதிப்பு' என்று சொல்வோம்.

விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூர்ப் பகுதியிலுள்ள ஒரு முருகன் கோயிலில், பங்குனி உத்திர விழாவில் வேலில் செருகிய எலுமிச்சம்பழங்களை ஏலம் விடுகிறார்கள். 2024 இல் ஒன்பது பழங்கள் சேர்ந்து இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் போயின. அங்கே பணம் கட்டிய தம்பதிகள் பழச்சாற்றுக்கு விலை போடவில்லை. பிள்ளை வரம் வேண்டி, தங்கள் நம்பிக்கைக்கு விலை போட்டார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு அந்தப் பழம் இரண்டு ரூபாய் பெறும் என்பதால் அவர்களுடைய கணக்கு மாறிவிடாது. இப்படி ஆளுக்கு ஆள் வேறுபட்டு, அவரவருக்கு மட்டும் தெரிந்த மதிப்பு 'தனி மதிப்பு'.

அரிய நாணயம் இந்த இரண்டும் கலந்த பொருள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் ஒரு ரூபாய் நாணயங்களை 1911 முதல் 1922 வரை ஆண்டுக்கு ஒன்றாகச் சேர்த்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் முதல் ஆண்டு மட்டும் இல்லையென்றால், அந்தக் காலிக் குழியை நிரப்புவதில் அவருக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி தனி மதிப்பு. அந்த நாணயம் உண்மையானதா, எவ்வளவு தேய்ந்தது, நாளை விற்றால் என்ன தேறும் என்பவை பொது மதிப்பு. வாங்கி விற்கும் வணிகருக்கு ஏறக்குறைய முழுவதும் பொது மதிப்புத்தான். எவ்வளவு கேட்கலாம் என்று யோசிக்கும்போது, தன் மனத்திலுள்ள எண்ணில் எவ்வளவு புளியமரம், எவ்வளவு எலுமிச்சம்பழம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது.

பழமை வேறு, அருமை வேறு

பழைய நாணயம் என்றாலே விலை உயர்ந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 1862 என்று பொறித்த விக்டோரியா ரூபாயை எடுத்துக்கொள்வோம். 160 ஆண்டுகளைக் கடந்த நாணயம்தான். ஆனால் அதே 1862 என்ற ஆண்டெண்ணோடு 1874 வரை தொடர்ந்து அடித்தார்கள் என்பதால், ஏராளமாகப் புழங்கி, இன்றும் எளிதில் கிடைக்கிறது. இதற்கு நேர்மாறாக, 1939 இல் வெளிவந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாய் வயதில் பேரன் போன்றது. சந்தைக்கு வருவது அபூர்வம். அதற்கு அடுத்த ஆண்டே ரூபாயிலிருந்த வெள்ளியை 91.7 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள்.

எத்தனை அடித்தார்கள் என்பதைவிட எத்தனை எஞ்சின என்பதுதான் முக்கியம். 1911 ஆம் ஆண்டு ரூபாயில், மன்னர் அணிந்திருந்த பதக்க மாலையில் செதுக்கிய யானை, தும்பிக்கை குட்டையாகிப் பன்றியைப் போலத் தெரிந்ததால் எதிர்ப்பு எழுந்தது. சுமார் 94 லட்சம் அடித்ததில் ஏழு லட்சம் அளவுக்கே புழக்கத்துக்கு வந்தன, மீதியை உருக்கிவிட்டார்கள். 'பன்றி ரூபாய்' என்று சேகரிப்பாளர்கள் இன்றும் அதை அழைக்கிறார்கள். ஏழு லட்சம் என்பது சிறிய எண்ணல்ல. ஆனாலும் அதன் விலை பக்கத்து ஆண்டுகளைவிட உயர்ந்து நிற்பதற்கு, கதை தெரிந்து அதைத் தேடுவோர் பலர் என்பதே காரணம். எஞ்சியவை எத்தனை, தேடுவோர் எத்தனை பேர் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அருமை விலையாக மாறுகிறது.

அமெரிக்காவின் 1933 ஆம் ஆண்டு இருபது டாலர் தங்க நாணயம் இதன் உச்சம். 4,45,500 நாணயங்கள் அடிக்கப்பட்டு, தங்க நாணயப் புழக்கமே நிறுத்தப்பட்டதால் ஏறக்குறைய அனைத்தும் உருக்கப்பட்டன. தனியார் சட்டப்படி வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டது ஒன்றே ஒன்று. அது 2002 இல் 75,90,020 டாலருக்கும், 2021 இல் 1 கோடியே 88 லட்சம் டாலருக்கு மேலும் விற்றது. அந்த 2002 ஆம் ஆண்டுத் தொகையின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் இருபது டாலரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின்னால் வருவோம்.

சுருக்கமாக: வயதோ, அடித்த எண்ணிக்கையோ மட்டும் விலையைச் சொல்லிவிடாது, எஞ்சியவற்றை விரும்புவோர் எத்தனை பேர் என்பதும் சேர வேண்டும்.

முந்தைய விலைகளை எப்படிப் படிப்பது

மதிப்பை அறிய மூன்று ஆதாரங்கள் கிடைக்கின்றன. அச்சிட்ட விலைப் பட்டியல்களில் இருப்பவை தொகுத்தவரின் கருத்து; அவை விரைவில் பழையனவாகிவிடும். ஏல நிறுவனம் தன் பட்டியலில் நாணயத்துக்குக் கீழே அச்சிடும் 'மதிப்பீட்டு விலை', கேட்பவர்களை உள்ளே இழுப்பதற்காகச் சற்றுக் குறைத்துப் போடப்படுவதும் உண்டு. அதை நாணயத்தின் மதிப்பாக எடுத்துக்கொள்வது கடைவாசல் பலகையில் 'முதல்' என்ற சொல்லைப் படிக்காமல் விடுவதைப் போன்றது. முன்பு நடந்த ஏலங்களில் அதே வகை நாணயம் உண்மையில் முடிந்த விலைதான் மூன்றாவது ஆதாரம். இதுவே சிறந்தது. ஆனால் இதையும் கவனமாகத்தான் படிக்க வேண்டும்.

ஏல விலை என்பது, அந்தப் பொருளை மிகவும் விரும்பிய ஒருவர், அடுத்தபடியாக விரும்பியவரைத் தாண்டுவதற்குக் கொடுத்த தொகை. ஆகவே ஒரு உயர்ந்த விலை உருவாக, அன்று அந்த ஏலத்தில் குறைந்தது இரண்டு பேர் தேவை. 1794 ஆம் ஆண்டின் அமெரிக்க வெள்ளி டாலர்களில் மிகச் சிறந்த ஒன்று 2013 இல் 1,00,16,875 டாலருக்குப் போய், அதுவரை எந்த நாணயமும் எட்டாத விலையை எட்டியது. அதே நாணயம் 2020 அக்டோபரில் மீண்டும் ஏலத்துக்கு வந்தபோது, விற்பவர் வைத்திருந்த 'ஒதுக்கு விலை'யை, அதாவது இதற்குக் கீழே தரமாட்டேன் என்று அவர் ரகசியமாக வைக்கும் எல்லையை, யாரும் எட்டாததால் விற்காமல் திரும்பியது. நாணயத்தில் ஒரு கீறல்கூடக் கூடியிருக்காது. அவ்வளவு உயரத்துக்கு எதிர்த்துக் கேட்கும் ஆள் அன்று இல்லை, அவ்வளவுதான். ஒரே ஒரு விலைப் பதிவை நம்பி எண்ணை நிர்ணயிப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். கூடவே, விற்காமல் திரும்பியவை விலைத் தொகுப்புகளில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை என்பதால், தொகுப்பு எப்போதும் உண்மையைவிடச் சற்று வளமாகவே தோன்றும்.

இன்னொரு பெரிய சிக்கல் 'தரநிலை'. ஒரு நாணயம் எவ்வளவு தேய்ந்தது, எவ்வளவு பாதுகாக்கப்பட்டது என்பதைக் குறிக்கும் சொல் இது. வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் 1949 இல் 1 முதல் 70 வரையிலான அளவுகோலை உருவாக்கினார். இன்று உலகெங்கும் தரச்சான்று நிறுவனங்கள் நாணயத்தை நெகிழி உறையில் அடைத்து மேலே எழுதும் எண் இதன் வழி வந்ததே. 70 தரமுள்ள காசு 1 தரமுள்ளதைப்போல் எழுபது மடங்கு விலை பெறும் என்பது அவர் எண்ணம். விலைகள் அவருடைய வாய்பாட்டுக்குக் கட்டுப்படவில்லை. தரநிலையின் மேல்தட்டில் ஒரே ஒரு எண் ஏறுவதற்கு விலை இரட்டிப்பாவதும் நடக்கிறது. ஆகையால் 62 தரத்தில் இருக்கும் நாணயத்துக்கு 65 தரத்தின் விலையை ஒப்பிடுவது ஒப்பீடே ஆகாது.

நம் நாட்டு வெள்ளி ரூபாய்களுக்கென்றே தனியான குறைகளும் உண்டு. பூசைக்கு முன் விபூதி போட்டும் புளி போட்டும் தேய்த்துப் பளபளப்பாக்கிய நாணயங்கள், கோத்து அணிவதற்காக வளையம் பற்றவைத்துப் பின்னர் பிரித்தெடுத்த நாணயங்கள் என்று எத்தனையோ. வீட்டில் அது பக்தியோடு செய்த காரியம். ஏலத்தில் அது விலையைப் பாதியாக்கும் காயம். தொடக்க காலத்தில் நானே ஒரு விக்டோரியா ரூபாயின் மினுமினுப்பைக் கண்டு, புழங்காத நாணயம் என்று நம்பி இரண்டு மடங்கு கொடுத்திருக்கிறேன். உருப்பெருக்கியில் பார்த்தபோது பரப்பு முழுவதும் ஒரே திசையில் மெல்லிய கோடுகள் ஓடின. போலிகளும் இருக்கின்றன. எளிதில் கிடைக்கும் 1938 ரூபாயின் கடைசி எட்டை ஒன்பதாகத் திருத்தினால், எடையும் வெள்ளியும் அச்சும் உண்மையாகவே இருக்கும் ஒரு 'அரிய' 1939 தயார். 11.66 கிராம் எடை சரியாக இருப்பது, முழுதாக வார்த்தெடுத்த மலிவான போலிகளை விலக்கவே உதவும். இலக்கம் திருத்திய நாணயம் தராசை எளிதாக ஏமாற்றிவிடும்.

சுத்தியல் விலையிலிருந்து பின்னோக்கி

"ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்" என்று சொல்லி ஏலதாரர் தட்டும்போது நிற்கும் தொகையைச் 'சுத்தியல் விலை' என்கிறார்கள். அது நாம் கொடுக்கப்போகும் பணம் அன்று. அதன் மேல் ஏல நிறுவனம் வாங்குபவரிடம் வசூலிக்கும் ஒரு சதவீதம் உண்டு. இதற்கு 'வாங்குபவர் கட்டணம்' என்று பெயர். மேலே நினைவில் வைக்கச் சொன்ன 1933 தங்க நாணயத்தில் சுத்தியல் விலை 66 லட்சம் டாலர். 15 சதவீதக் கட்டணம் 9,90,000 டாலர். கூட்டினால் 75,90,000. மீதி இருபது டாலர், அதுவரை சட்டப்படி வெளியிடப்படாத அந்த நாணயத்தைச் செல்லுபடியாகும் பணமாக்குவதற்காக அமெரிக்கக் கருவூலத்துக்குக் கட்டிய முகமதிப்பு. எழுபத்தைந்து லட்சம் டாலர் கொடுத்தவரிடமும் அந்த இருபதை விடவில்லை.

இந்திய ஏலங்களில் வாங்குபவர் கட்டணத்தோடு சரக்கு சேவை வரியும், வெளியூர் என்றால் காப்பீட்டோடு கூடிய அஞ்சல் செலவும் சேரும். வீதங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம், காலத்துக்குக் காலம் வேறுபடுவதால், ஏலப் பட்டியலின் விதிமுறைப் பக்கத்தை முதலில் படிக்க வேண்டும். கணக்கை விளக்குவதற்காக மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்வோம்: கட்டணம் 15 சதவீதம், மொத்தத்தின் மேல் வரி 5 சதவீதம், அஞ்சல் 500 ரூபாய். நல்ல தரத்திலுள்ள ஒரு பன்றி ரூபாய்க்கு, எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய்க்கு மேல் தரமாட்டேன் என்று ஒருவர் முடிவு செய்திருக்கிறார்.

அவர் ஏலத்தில் 60,000 வரை கேட்டால் என்ன ஆகும்? 60,000 ஐ 1.15 ஆலும் 1.05 ஆலும் பெருக்கினால் 72,450, அஞ்சலோடு 72,950. முடிவு செய்த எல்லையை ஏறக்குறைய 13,000 ரூபாய் தாண்டிவிட்டார். பின்னோக்கிப் போனால், 60,000 இலிருந்து அஞ்சல் 500 ஐக் கழித்து, மீதியை 1.2075 ஆல் (1.15, 1.05 ஆகியவற்றின் பெருக்கல்) வகுக்க வேண்டும்: விடை சுமார் 49,275. அதற்குக் கீழே வசதியான எண் 49,000. இதுவே அவர் ஏலத்தில் சொல்லக்கூடிய உச்சத் தொகை.

திரும்ப விற்கும்போது வரும் செலவையும் வணிக நோக்கில் வாங்குபவர் கழித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் விற்பவரிடமும் நிறுவனம் ஒரு கழிவு எடுக்கும். இந்தியாவில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தின்படி, நூறு ஆண்டு கடந்த நாணயம் தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1911 ஆம் ஆண்டு ரூபாய் இந்த எல்லையைக் கடந்துவிட்டது, 1939 ஆம் ஆண்டினது இன்னும் கடக்கவில்லை. லண்டனில் இன்ன விலைக்குப் போயிற்று என்று காட்டி, இங்கே இருக்கும் நூறாண்டு கடந்த நாணயத்துக்கு அதே மதிப்பைப் போடுவது இதனால்தான் பொருந்தாது.

வென்றவரின் சாபம்

இந்தப் பகுதிதான் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது. ஆகவே புளியமரத்துக்கே திரும்புவோம்.

ஒரு மரத்தில் உண்மையில் பத்து மூட்டை புளி தேறும் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேர் அண்ணாந்து பார்க்கிறார்கள். ஒருவர் ஏழு என்கிறார், இன்னொருவர் ஒன்பது, இருவர் பத்து, ஒருவர் பதினொன்று, கடைசியாக ஒருவர் பதினான்கு. சராசரி சற்றேறக்குறைய பத்து. ஊர் மொத்தத்தில் சரியாகவே கணித்திருக்கிறது. ஆனால் ஏலம் சராசரிக்காரருக்குப் போவதில்லை. பதினான்கு என்று நம்பியவருக்குத்தான் போகிறது. யாரும் ஏமாற்றவில்லை, யாரும் முட்டாளில்லை. பொது மதிப்புள்ள பொருளில், வெல்பவர் பெரும்பாலும் மிக அதிகமாகத் தவறியவராகவே இருப்பார். இதற்கு 'வென்றவரின் சாபம்' என்று பெயர். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் உரிமைக்கான ஏலங்களில், நிறுவனங்கள் எதிர்பார்த்ததைவிட ஏன் குறைவாகச் சம்பாதித்தன என்று ஆராய்ந்த மூன்று பொறியாளர்கள் 1971 இல் இதை முதன்முதலாக விளக்கமாக எழுதினார்கள்.

நாணயத்தைக் கொண்டே இதைச் சோதித்தவர்களும் இருக்கிறார்கள். மேக்ஸ் பேசர்மன், வில்லியம் சாமுவேல்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், மேலாண்மை மாணவர்களிடம், எட்டு டாலர் மதிப்புள்ள காசுகளும் பிற சிறு பொருட்களும் நிரப்பிய சாடிகளைக் காட்டி, உள்ளே இருப்பதன் மதிப்பைக் கணிக்கவும் ஏலம் கேட்கவும் சொன்னார்கள். முடிவுகள் 1983 இல் வெளியாயின. மாணவர்களின் சராசரிக் கணிப்பு 5.13 டாலர், அதாவது உண்மையைவிடக் குறைவு. அப்படியிருந்தும் வென்றவர்கள் கேட்ட தொகைகளின் சராசரி 10.01 டாலர். கூட்டம் தயங்கியே கணித்தது; வென்றவர் மட்டும் சராசரியாக இரண்டு டாலர் இழந்தார்.

இதை நம் பன்றி ரூபாய்க்குப் பொருத்துவோம். பட்டியலின் புகைப்படத்தில் நாணயம் மின்னுகிறது. அது இயற்கையான மினுமினுப்பு என்றால் 60,000 ரூபாய் பெறும். யாரோ தேய்த்துக் கழுவியது என்றால் 25,000 தான். நூற்றுக்கு எழுபது பங்கு நல்லது என்று நமக்குத் தோன்றுகிறது. எழுபது பங்கு 60,000 என்பது 42,000, முப்பது பங்கு 25,000 என்பது 7,500, மொத்தம் 49,500. இதுவரை சாதாரணக் கணக்கு.

இப்போது ஒரு கேள்வியைச் சேர்க்க வேண்டும்: நான் வென்றுவிட்டேன் என்றால், அதன் பொருள் என்ன? நேரில் வந்து உருப்பெருக்கியில் பார்த்த அனுபவசாலிகள் பலர் எனக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள் என்று பொருள். அவர்களுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று எனக்குத் தெரியவில்லை என்ற சந்தேகம் நியாயமானது. ஆகவே வென்ற நிலையில் நின்று பார்த்தால், எழுபதுக்கு முப்பது என்ற என் கணிப்பு ஐம்பதுக்கு ஐம்பது என்று இறங்கிவிடுகிறது என்று கொள்வோம். 30,000 உடன் 12,500 கூட்டினால் 42,500. கேட்க வேண்டிய தொகையை இந்த எண்ணிலிருந்துதான் கணக்கிட வேண்டும். அஞ்சலைக் கழித்து 1.2075 ஆல் வகுத்தால் சுமார் 34,780. கீழே வசதியான எண் 34,500. "அறுபதாயிரம் பெறும்" என்று தொடங்கிய நாணயத்துக்கு ஏலத்தில் சொல்ல வேண்டியது முப்பத்து நாலரை ஆயிரம்.

நேரில் போய்ப் பார்ப்பதற்கு எவ்வளவு மதிப்பு என்பதும் இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். ஏலத்துக்கு முந்தைய பார்வை நாளில் நாணயத்தைக் கையிலெடுத்து, சாய்ந்த ஒளியில் திருப்பிப் பார்த்து, தொண்ணூறு பங்கு உறுதி பெற்றுவிட்டால், 54,000 உம் 2,500 உம் சேர்ந்து 56,500 ஆகிறது; கேட்கும் எல்லை 46,000 க்கு ஏறுகிறது. கோடுகள் தெரிந்துவிட்டால் ஏலத்திலிருந்தே விலகிவிடலாம். இரண்டில் எது நடந்தாலும் ரயில் கட்டணம் வீணாவதில்லை. நம்பகமான தரச்சான்று உறைக்குள் இருக்கும் நாணயத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதன் நியாயமும் இதுதான்: அந்த உறை நம் ஐயத்தின் ஒரு பகுதியை விலைக்கு வாங்கிக்கொள்கிறது.

எலுமிச்சம்பழப் பகுதியை மறந்துவிட்டோமா? இல்லை. வரிசையில் உள்ள குழியை நிரப்பும் மகிழ்ச்சிக்காக நம் சேகரிப்பாளர் கூடுதலாக 5,000 ரூபாய் தரத் தயார் என்றால், அந்தத் தொகையைச் சாபத்துக்கான குறைப்பு முடிந்த பிறகு, கட்டணக் கணக்குக்கு முன் கூட்டிக்கொள்ளலாம். அது கணிப்பு அன்று, அவருக்கே தெரிந்த உண்மை. அதில் சாபம் ஒட்டாது. 42,500 உடன் 5,000 சேர்ந்து 47,500. அதிலிருந்து பின்னோக்கி வந்தால் சுமார் 38,900, அதாவது 38,500 வரை கேட்கலாம். நாணயம் கழுவியதாக இருந்தாலும் குழி நிரம்பும்தானே என்று கேட்டால், அதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

இந்தப் பகுதியின் சாரம்: பொது மதிப்பை, 'வென்றுவிட்டேன்' என்று கற்பனை செய்த நிலையிலிருந்து மதிப்பிட்டுக் குறைக்க வேண்டும், தனி மதிப்பை அப்படியே கூட்ட வேண்டும், பிறகு கட்டணத்தையும் வரியையும் கழித்து ஏலத் தொகைக்கு வர வேண்டும்.

ஏலம் நடக்கும்போது

எண் கிடைத்தபின் அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதில் ஒரு வீண் அச்சம் இருக்கிறது. என் உச்ச எல்லை 34,500 என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டால், முழுவதையும் பிடுங்கிக்கொள்வார்களே என்று பலர் தயங்குகிறார்கள். நேர்மையாக நடக்கும் ஏலத்தில் அப்படி ஆகாது. நமக்காக நிறுவனமோ கணினியோ, அடுத்தவர் கேட்டதற்கு மேலே ஒரே ஒரு படி மட்டும் ஏறிக் கேட்கும். 'படி' என்பது ஒருவர் கேட்ட தொகைக்கும் அடுத்தவர் கேட்கும் தொகைக்கும் இடையே இருக்க வேண்டிய குறைந்தபட்ச இடைவெளி. அடுத்தவர் 27,000 இல் நிறுத்திவிட்டார், படி 1,000 ரூபாய் என்றால், நமக்கு 28,000 இல் முடிந்துவிடும். நாம் கொடுக்கும் விலையை நிர்ணயிப்பவர் இரண்டாவது ஆள். நம் உச்ச எல்லை நாம் வெல்வோமா என்பதை மட்டும் நிர்ணயிக்கிறது. ஆகவே எல்லையைக் குறைத்துச் சொல்லி லாபம் பார்க்க முடியாது, நியாயமான விலைக்குக் கிடைத்திருக்கக்கூடிய நாணயத்தை இழக்கத்தான் முடியும். வில்லியம் விக்ரி என்ற பொருளியலாளர் 1961 இல் இதைக் கணித முறைப்படி நிறுவினார். 1996 இல் நோபல் பரிசு பெற்றார். அஞ்சல்தலை வணிகர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இம்முறையைக் கையாண்டுவந்தார்கள் என்பது வேறு விஷயம்.

எல்லையை முன்கூட்டி எழுதுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஏலம் சூடேறும்போது, எதிரே ஒருவர் விடாமல் கை தூக்குவதே அந்த நாணயம் நல்லது என்பதற்குச் சான்றாகத் தோன்றத் தொடங்கும். அவர் நேரில் பார்த்த நிபுணர் என்று தெரிந்தால் அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அவரும் நம்மைப் போலவே புகைப்படத்தைப் பார்த்து வந்தவராக இருந்து, நாம் கேட்பதையே சான்றாகக் கொண்டு கேட்டுக்கொண்டிருந்தால், இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறோம். இன்னும் ஒரே ஒரு படிதானே என்று 34,500 ஐத் தாண்டுபவர், ஆயிரம் ரூபாய் படிக்கு உண்மையில் 1,207 ரூபாய் கொடுக்கிறார் என்பதையும் அந்த நேரத்தில் மறந்துவிடுகிறார்.

ஒரே ஏலத்தில் இரண்டு மூன்று நாணயங்களுக்குக் கேட்பவர்கள், எல்லாவற்றையும் வென்றுவிட்டால் பணம் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். கேட்டபின் வாங்க மறுப்பவரை நிறுவனங்கள் அடுத்த ஏலத்தில் சேர்ப்பதில்லை.

தோற்றால் எழுதி வைக்க வேண்டியது

நாணயம் 35,500 க்கு வேறொருவருக்குப் போனால், அந்த விலையை அடுத்த முறைக்காகக் குறித்து வைப்பது நல்ல பழக்கம். ஆனால் அதன் பக்கத்தில் இன்னொரு குறிப்பையும் எழுத வேண்டும்: அந்த 35,500 என்பது நம்முடைய 34,500 உடன் ஒரு படி கூட்டியது. வென்றவர் ஐம்பதாயிரம் வரை போயிருப்பாரா, அடுத்த படியிலேயே நிறுத்தியிருப்பாரா என்பதை அந்த எண் சொல்வதில்லை. ஆறு மாதம் கழித்து அதே வகை நாணயம் மீண்டும் வரும்போது, விலைத் தொகுப்பில் 35,500 ஐப் பார்த்து, சந்தையே இப்படி மதிப்பிட்டிருக்கிறது என்று நம் கணிப்பை உயர்த்திக்கொண்டால், நம்முடைய பழைய கணிப்பையே இன்னொருவரின் சாட்சியாக எண்ணுகிறோம். நாம் இரண்டாவது ஆளாக நின்ற ஏலங்களின் விலைகளைக் குறிப்பேட்டில் வேறு மையால் எழுதுவது என் வழக்கம்.